‘புதிய செய்திகள்’ பகுதியில் 2021

“உங்கள் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டின் இணையதளத்தைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?” என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் சும்மா கேட்டு வைத்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் படித்தால் பாதிப் பேர் அன்றைக்குத்தான் திறந்து பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. எழுத்திலேயே நடுக்கம் தெரிகிறது.

கேள்வி: மாஸ்டடானில் வாரம் நாலு பதிவு போடுகிறோம். இணையதளத்தில் மட்டும் கடைசிச் செய்தி 2021-இல் நிற்கிறது. இது அவ்வளவு பெரிய குற்றமா?
– மூன்று பேர் நடத்தும் புராஜெக்ட்டில் மூன்றாமவர், கோவை

பதில்: குற்றமில்லை, தகவல் பிழை. நீங்கள் வாரம் நாலு பதிவு போடுவது உங்களைப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? தேடுபொறி அவரை நேராக உங்கள் தளத்து வாசலில் கொண்டுவந்து இறக்குகிறது. ‘புதிய செய்திகள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே 2021 என்று தேதி. ‘ஓஹோ, ஆள் இல்லாத வீடு’ என்று திரும்பிப் போய்விடுகிறார். பின்கட்டில் பந்தி நடக்கிறது, வாசலில் பூட்டு தொங்குகிறது.

கேள்வி: அதற்குத்தானே பக்கத்தின் ஓரத்தில் ட்விட்டர் பெட்டியைப் பதித்து வைத்திருக்கிறோம்? அதுபாட்டுக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமே!
– ‘ஒருமுறை வைத்தால் போதும்’ கட்சிக்காரர், வேலூர்

பதில்: உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டு, அந்தப் பெட்டியை ஒரு தடவை பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பார்த்தீர்களா? 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். 2023 பிப்ரவரியில் இலவச ஏபிஐ-க்கு மூடுவிழா அறிவிப்பு வந்தது. ஜூன் கடைசியில் உள்நுழையாதவர்கள் ட்வீட்டுகளைப் பார்க்க முடியாதபடி கதவைச் சாத்தினார்கள். அந்தக் களேபரத்தில் உலகம் முழுக்க எத்தனையோ தளங்களின் ஓரப்பெட்டிகள் காலியாகின. ஜூலையில் பெயரே எக்ஸ் என்று ஆகிவிட்டது. நான் கைகொடுக்கும் ஒரு குட்டி எழுத்துப்பிழைத் திருத்தியின் தளத்திலும் இப்படி ஒரு பெட்டி இருந்தது. அது காலியானது எங்களுக்கு ஐந்தாறு மாதம் தெரியவே இல்லை. காரணம் ரொம்ப எளிது: நாங்கள் எல்லாரும் எப்போதும் உள்நுழைந்தபடியே இருந்தோம். எங்களுக்கு மட்டும் பெட்டி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. அந்தப் பெட்டி சும்மா உட்கார்ந்திருக்காது. உங்கள் பக்கத்துக்கு வருகிறவர்களைப் பற்றி அந்த நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும். ‘எங்கள் மென்பொருள் உங்களை வேவு பார்க்காது’ என்று பக்கத்தின் நடுவில் எழுதிவிட்டு, ஓரத்தில் ஒற்றனை உட்கார வைப்பது நன்றாக இல்லை.

கேள்வி: சரி, முதலில் எங்கே எழுதுவது? தளத்திலா, சமூக ஊடகத்திலா?
– கணினித் துறை மாணவி, திருநெல்வேலி

பதில்: வீட்டில் சமைத்து வெளியே எடுத்துப்போவதா, ஓட்டலில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதா என்று கேட்கிறீர்கள்.

முதல் வழிக்கு, சொந்தத் தளமே பிரதானம் என்கிற இண்டிவெப் ஆட்கள் ‘பாஸி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொந்தத் தளத்தில் பிரசுரி, பிறகு ஊரெல்லாம் நகல் அனுப்பு என்பது அதன் சாரம். இதை அழகாகச் செய்கிறவர்கள் டெபியன் லினக்ஸ்காரர்கள். 1993-இல் தொடங்கிய புராஜெக்ட், உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள், அலட்டல் என்றால் என்னவென்றே தெரியாத கூட்டம். மைக்ரோநியூஸ் என்று ஒரு குட்டித் தளம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செய்தியும் ஒரு சின்னக் கோப்பு, இரண்டு மூன்று வரிதான் இருக்கும். கோப்பு கிட் ரெப்போவுக்குள் போகிறது, அதிலிருந்து தளம் உருவாகிறது, சமூக ஊடகங்களுக்கு அங்கிருந்துதான் செய்தி கிளம்புகிறது. 2025 ஜனவரியில் ‘இனி எக்ஸில் பதிவு போட மாட்டோம்’ என்று அவர்களின் விளம்பரக் குழு அறிவித்தது. அறிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மூட்டை முடிச்சு கட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. செய்திகள் பிறந்த வீடு அது இல்லையே!

எதிர்ப்பக்கத்தில் கூகுள் பிளஸ்ஸை நினைத்துப் பாருங்கள். லினக்ஸ் உலகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸே அங்கேதான் வாசம் செய்தார். 2011-இல் திறந்த கடையை 2019 ஏப்ரல் 2-ஆம் தேதி மூடினார்கள். அங்கே மட்டும் எழுதி, தளத்தில் ‘விவரங்களுக்கு இங்கே சொடுக்கவும்’ என்று இணைப்பு கொடுத்த புராஜெக்ட்டுகளில் இன்று சொடுக்கினால் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். பாஸி எல்லாருக்கும் சரிப்பட்டு வராது. ராத்திரி பதினொரு மணிக்கு, பஸ்ஸில், ரிலீஸ் முடிந்த குஷியில் கட்டைவிரலால் இரண்டு வரி தட்டுகிற ஆள் நான். ‘முதலில் கோப்பு உருவாக்கு, பிறகு கமிட் பண்ணு’ என்றால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடுவேன். மறுநாள் என்பது 2021. ஆகவே ஓட்டலில் வாங்கியே வாருங்கள், தப்பில்லை. ஒரே நிபந்தனை: பதிவின் எழுத்து, படம், தேதி மூன்றும் உங்கள் ரெப்போவுக்குள் நகலாக வந்து சேர வேண்டும். அசல் பதிவுக்கு இணைப்பு கொடுப்பது மரியாதைக்கு மட்டும். நாளைக்கு ஓட்டல் மூடினாலும் சாப்பாடு வீட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு இணையதளமே இல்லை. கிட்ஹப் ரீட்மீ போதாதா?
– திருச்சி வாசகர்

பதில்: தாராளமாகப் போதும், அதில் ‘இணையதளம் விரைவில்’ என்று எழுதாதவரை.

கேள்வி: பதிவுகளைத் தளத்துக்குக் கொண்டுவருவதை நுட்பமாகச் சொல்லுங்கள். ‘தானியங்கியாகச் செய்யலாம்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை.
– பைதான் கற்கும் ஓய்வுபெற்ற தபால்காரர், தஞ்சாவூர்

பதில்: கடிதம் பிரித்துப் போட்ட கைக்கு இது பழகிய வேலைதான், ஐயா.

மாஸ்டடான் கணக்கின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, ஆர்எஸ்எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். அண்மைப் பொதுப் பதிவுகள் ஓர் ஓடையாக வந்து விழும். சாவி, விண்ணப்பம், சந்தா எதுவும் கிடையாது. ப்ளூஸ்கையிலும் இப்படி ஒன்று உண்டு. இப்படிப்பட்ட ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியபோது ஆர்எஸ்எஸ்ஸுக்கே இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். கூட்டம் நடத்திய பல கம்பெனிகள் போய்ச் சேர்ந்துவிட்டன, ஆர்எஸ்எஸ் இன்னும் தெருமுனையில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த ஓடையை ஒரு ஸ்கிரிப்ட் படிக்க வேண்டும். புதிய பதிவு ஒவ்வொன்றையும் ஒரு மார்க்டவுன் கோப்பாக்கி ரெப்போவில் கமிட் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு ஜெக்கில், ஹியூகோ போன்ற தளம் கட்டும் கருவி பக்கத்தைக் கட்டிக்கொள்ளும். பைதானில் ஐம்பது அறுபது வரிக்கு மேல் போகாது.

சிக்கல் வருகிற இடம் தலைப்பு. குறும்பதிவுக்குத் தலைப்பு கிடையாது, தளத்துச் செய்திக்கோ தலைப்பு வேண்டும். நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட், பதிவின் முதல் வாக்கியத்தைப் பிடித்துத் தலைப்பாக்கிக்கொண்டது. புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். ரிலீஸ் அன்று நண்பர் ஒருவர், “அப்பாடா! ஒருவழியாகப் புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது” என்று பதிவிட்டார். ஸ்கிரிப்ட் ஆச்சரியக்குறியோடு நின்றுவிட்டது. தளத்தின் முகப்பில் கொட்டை எழுத்தில் ‘அப்பாடா!’. நாலு நாள் கழித்து அதே பதிப்பில் ஒரு பிழை. “மன்னிக்கவும். விண்டோஸில் நிறுவ முடியவில்லை என்கிறார்கள்” என்று இன்னொரு பதிவு. முகப்பில் மேலே ‘மன்னிக்கவும்.’, கீழே ‘அப்பாடா!’. மூன்று வாரம் அப்படியே நின்றது. இப்போது தலைப்பு இல்லாமல், தேதியை மட்டும் போடுகிறோம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் பதிவின் சொற்களை எடுக்காதீர்கள். ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் வரும், அதையே வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது பதிவில் ஒரு கால்புள்ளியைத் திருத்தினாலும் தளத்தில் ஒரே செய்தி இரட்டைப் பிள்ளையாகப் பிறக்கும்.

கேள்வி: ஸ்கிரிப்ட்டைத் தினமும் யார் ஓட்டுவது?
– சேலம் வாசகர்

பதில்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸை ஓட்டச் சொல்லலாம், பொது ரெப்போவுக்குக் காசு கேட்காது. ஆனால் அதன் கடிகாரம் நம் ஊர்க் கடிகாரம் இல்லை. நேரம் குறிக்கும் க்ரான் வரியில் 9 மணி என்று எழுதினால் அது உலகப் பொது நேரம். நமக்கு மதியம் இரண்டரை. காலை 9-க்கு ஓட வேண்டுமானால் 3 மணி 30 நிமிடம் என்று எழுதுங்கள். முழு மணிக்கு உலகமே வரிசையில் நிற்பதால் தாமதமும் ஆகும். ஏழு, பதினேழு என்று ஏதாவது கோணல் நிமிடமாக வைப்பது உத்தமம்.

முக்கியமான பொறி வேறு. பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால், நேரம் வைத்து ஓடுகிற வேலைகளை கிட்ஹப் தானாக நிறுத்திவிடும். புராஜெக்ட் இரண்டு மாதம் மௌனமாக இருக்கும், பிறகு உற்சாகமாக ஒரு பதிவு போடுவீர்கள். அதைத் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பையன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருப்பான். நிறுத்தியதாக ஒரு மின்னஞ்சல் வரும். மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்பதையும் பார்த்து வையுங்கள்.

கேள்வி: ஒரே பதிவை மூன்று இடத்திலும் போடுகிறேன். ஒன்றில் இடம் மிச்சம் இருக்கிறது, இன்னொன்றில் ‘நீளம் அதிகம்’ என்கிறது. ஆங்கிலத்துக்கு இப்படி ஆவதில்லை. தமிழுக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?
– யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர்

பதில்: இந்த மாதத்துக் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், மூன்று என்பாள். மாஸ்டடானும் ப்ளூஸ்கையும் அவள் கட்சி. கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எண்ணும். எக்ஸ் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. அதன் கணக்கில் த ஒன்று, ம ஒன்று, மேல்விலங்கு ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. ஆக மொத்தம் ஐந்து. தலையில் வைத்த புள்ளிக்குக்கூடத் தனி டிக்கெட் வாங்குகிற கண்டக்டர்.

ஆகவே மாஸ்டடானின் வழக்கமான 500, ப்ளூஸ்கையின் 300, எக்ஸின் இலவசக் கணக்குக்கான 280 என்பதெல்லாம் ஆங்கிலத்தில் பார்க்கிற தூரத்தைவிடத் தமிழில் அதிக தூரம் விலகி நிற்கும். பைதான்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பைதானின் ‘லென்’னும் ‘தமிழ்’ என்பதற்கு ஐந்து என்றுதான் சொல்லும். அதை நம்பி ப்ளூஸ்கைப் பதிவை வெட்டினால், இடம் இருக்கும்போதே வாக்கியத்தின் வாலை அறுத்திருப்பீர்கள். வெட்டு ஒற்றெழுத்தின் நடுவே விழுந்தால் இன்னும் மோசம். புள்ளி தவறிப்போய் ‘தமிழ’ என்று நிற்கும், படிக்கிறவர் யாரையோ கூப்பிடுவதாக நினைப்பார்.

ஓர் ஆறுதல்: இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாஸ்டடானும் எக்ஸும் அதை 23 எழுத்தாகத்தான் கணக்கு வைக்கும்.

கேள்வி: எல்லாப் பதிவையும் தளத்தில் ஏற்றலாமா? எங்கள் பதிவுகளில் பாதி பொங்கல் வாழ்த்து, மீதி மீம்.
– மதுரைக்காரர்

பதில்: ஏற்றினால் அவசரப் பாதுகாப்புத் திருத்தம் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். ஒரு ஹேஷ்டேக் முடிவு செய்துகொள்ளுங்கள். அது இருக்கிற பதிவை மட்டும் ஸ்கிரிப்ட் எடுக்கட்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் இரண்டு சொல் ஹேஷ்டேக்குக்கு நடுவில் அடிக்கோடு போடுங்கள், கண்ணுக்கு நல்லது. பொங்கல் வாழ்த்து சமூக ஊடகத் திண்ணைக்குப் போதும். மூன்று வருஷம் கழித்து ஒருவர் தேடிவருவாரா என்று கேட்டுப் பாருங்கள். பதிப்பு வெளியீடு, பாதுகாப்புத் திருத்தம், பழைய வசதியை நீக்கும் முடிவு, சந்திப்பு, பங்களிக்க அழைப்பு – இவற்றைத் தேடி வருவார். மீமுக்கு வர மாட்டார், அது எவ்வளவு நல்ல மீமாக இருந்தாலும்.

கேள்வி: பதிப்பு எண்ணைத் தப்பாகப் போட்டு, பத்து நிமிடத்தில் பதிவைத் திருத்திவிட்டேன். தளத்தில் மட்டும் இன்னும் பழைய எண்ணே நிற்கிறது. ஏன்?
– வெட்கப்படுபவர், புதுச்சேரி

பதில்: உங்கள் ஸ்கிரிப்ட் உங்களைவிட வேகம், அதனால். பதிவு போட்ட உடனே அள்ளிக்கொண்டு வராமல், குறைந்தது ஒரு மணி நேரம் பழையதான பதிவை மட்டும் எடுக்கும்படி மாற்றுங்கள். நம் பிழைகளில் பெரும்பாலானவை ‘பதிவிடு’ பொத்தானை அழுத்திய அடுத்த நொடியில்தான் கண்ணில் படும். மாஸ்டடானில் 2022-லிருந்து திருத்த முடிகிறது என்பதால், கடைசிச் சில பதிவுகளை ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வதும் நல்லது. அதற்கும் பிறகு கண்டுபிடித்தால்? கையால் திருத்துங்கள். கமிட் செய்தியில் ‘திருத்தம்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். ‘சிறு மாற்றங்கள்’ என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன்.

கேள்வி: எங்கள் புராஜெக்ட்டின் பெயரில் யாரோ போலிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். நாங்கள்தான் அசல் என்று எப்படிக் காட்டுவது? நீல டிக் வாங்கக் கையில் காசு இல்லை.
– ஈரோடு

பதில்: காசு வேண்டாம், டொமைன் போதும். மாஸ்டடான் சுயவிவரத்தில் தளத்தின் முகவரியைப் போடுங்கள். தளத்திலிருந்து மாஸ்டடான் கணக்குக்கு ‘ரெல்-மீ’ குறிப்போடு ஓர் இணைப்பு கொடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டுவதைப் பார்த்துவிட்டு மாஸ்டடான் பச்சை டிக் போட்டுவிடும். ப்ளூஸ்கையில் உங்கள் டொமைனையே கணக்கின் பெயராக வைத்துக்கொள்ளலாம், டிஎன்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று. பார்த்தீர்களா, ஊரில் யார் கேட்டாலும் கடைசியில் வீட்டுப் பத்திரத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

கேள்வி: சொந்தத் தளம், சொந்தத் தளம் என்று சொல்கிறீர்களே, அந்தத் தளமே முடங்கினால்?
– சென்னை வக்கீல்

பதில்: வக்கீல் வக்கீல்தான். முடங்கியிருக்கிறது. 2022-இல் வீஎல்சி பிளேயரின் வீடியோலேன் தளம் இந்தியாவில் மாதக்கணக்கில் திறக்கவில்லை. முன்கூட்டி ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை என்பது அவர்கள் புகார். வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய பிறகு நவம்பரில்தான் தடை நீங்கியது. அதற்கு முன், 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, பதிவிறக்கும் இணைப்பைத் திருப்பி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓ கோப்பைக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட நாளில் ‘தளத்தை நம்பாதீர்கள்’ என்று தளத்திலேயே எழுதி என்ன பயன்? அன்றைக்குச் சமூக ஊடகக் கணக்குதான் ஊருக்குச் சொல்லும் தண்டோரா. அதனால்தான் எக்ஸ் பிடிக்கவில்லை, மாஸ்டடான் பிடித்திருக்கிறது என்று சொந்த விருப்புவெறுப்பை வைத்து எல்லாக் கணக்கையும் மூடிவிடாதீர்கள் என்கிறேன். தளம் பத்திரம், கணக்கு தண்டோரா. பத்திரத்தைத் தண்டோராக்காரர் வீட்டில் கொடுத்து வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும்?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: குறைந்தது இரண்டு பேரிடம். எங்கள் புராஜெக்ட்டில் ஒருவரிடம் மட்டும் இருந்தது. அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போனார், பழைய சிம்மை ஒப்படைத்துவிட்டார். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகிறது. அந்த எண் இப்போது யாரோ ஒருவருடையது. மாதம் ஒருமுறையாவது அவருக்கு எங்களால் ஒரு ஓடிபி போயிருக்கும். அந்தக் கணக்கில் எங்கள் கடைசிப் பதிவு, ‘விரைவில் ஒரு நல்ல செய்தி!’ அது என்ன செய்தி என்று எங்களுக்கே இப்போது ஞாபகமில்லை.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் எழுத்துப்பிழைத் திருத்தியின் தளத்தில் கடைசிச் செய்தி என்றைக்கு?
– பெயர் வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும்

பதில்: கடிதம் பார்த்ததும் ஓடிப்போய்த் திறந்தேன். 58 நாள் ஆகியிருந்தது. பையன் வேலையை விட இன்னும் இரண்டு நாள் பாக்கி. முகப்பில் ‘எழுத்துப்பிழை’ என்பதிலேயே ஒற்று விட்டுப்போயிருந்தது, அதைச் சரிசெய்து கமிட் பண்ணிவிட்டேன். கமிட் செய்தியில் ‘சிறு மாற்றங்கள்’ என்று எழுதியிருக்கிறேன்.